வால்கனம்

கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போட்டிருந்தார்கள். டீச்சர் அந்தக் குறியையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேலே இருந்த வரிகளைப் படிக்கவே தேவையில்லை. இந்த மாதிரிக் கடிதங்களின் கடைசி வரி எப்போதும் ஒன்றுதான். ‘நடந்தவற்றுக்கு என்னுடைய கவனக்குறைவே காரணம்.’

“பன்னெண்டு மணிக்குள்ள போட்டுக் குடுக்கணுமாம்” என்றாள் சிற்பி. “இல்லேன்னா போலீஸ்ல புகார். ஆள் அடிபட்டிருக்கு, கேஸ் பலமா நிக்கும்னு தியேட்டர் மேனேஜர் சொல்றார்.”

“போட்டுட்டா?”

“புகார் இல்ல. ஆனா இனிமே எவன் எங்கிட்ட சிலை செய்யச் சொல்லுவான்? ஆள் மேல விழற டிராகன் செஞ்சவள்னு பேராயிடும். பட்டறையைப் பூட்டிட்டுப் போக வேண்டியதுதான்.”

டீச்சர் என்பது செல்லப்பெயர் இல்லை, பழைய வேலை. பதினொரு வருடம் பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்தியவள் இப்போது துப்பறியும் நிறுவனம் நடத்துகிறாள். நிறுவனம் என்றால் ஓர் அறை, ஒரு மேசை, ஒரு நாத்தனார். அந்த நாத்தனார்தான் உதவியாளர். உடம்பு, வாக்கு இரண்டையும் பார்த்து வீட்டில் அவளுக்குக் குண்டூசி என்று பெயர் வைத்திருந்தார்கள்.

“அண்ணி, மணி ஒன்பதரை” என்றாள் குண்டூசி, தொங்கிய ஒரு சிறகுக்கு அடியில் குனிந்து வந்தபடி. “ரெண்டரை மணி நேரத்துல உண்மையைக் கண்டுபிடிக்கணும். உங்க வீட்டுக்காரர் குளிச்சிட்டு வர்றதுக்கே அவ்வளவு ஆகும்.”

பட்டறை முழுக்க ரெசின் பசை வாடை. கூரைக் கம்பியிலிருந்து உடம்பில்லாத சிறகுகள் நான்கு தொங்கின. மூலையில் தலை வைக்காத டிராகன் ஒன்று மண்டியிட்டிருந்தது. இரும்புக் கம்பி விலா எலும்பும் அதைச் சுற்றிய கோழி வலையும் இன்னும் மூடப்படவில்லை. சிற்பி ஒரு கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்திருந்தாள். நல்ல ஆகிருதி. முழங்கை வரைக்கும் கண்ணாடி நார் குத்திய சிவந்த புள்ளிகள்.

“முதல்லேருந்து சொல்லுங்க.”

“தியேட்டர் முன்ஹால்ல ரெண்டு வருஷமா நிக்குது. பன்னெண்டடி. போன செவ்வாய்க்கிழமை டிக்கெட் கிழிக்கிறவர் ஸ்டூல் போட்டு ஏறி, இடது சிறகுல கட்டியிருந்த பட பேனரை அவுத்திருக்கார். கால் தடுமாறி சிறகைப் புடிச்சுட்டார். மொத்த டிராகனும் முன்னாடி சாஞ்சிடுச்சு. சிறகு சுக்குநூறு. அவருக்குத் தோள்பட்டை எலும்பு போச்சு.”

“சிறகு தாங்கலையா?”

“சிறகு ஒடைஞ்சதால டிராகன் விழல டீச்சர். விழுந்ததாலதான் ஒடைஞ்சது.”

“எங்க அண்ணனும் இதே மாதிரிதான் சொல்லுவார்” என்றாள் குண்டூசி. “தூங்கினதால லேட் ஆகல, லேட் ஆயிடுச்சேன்னுதான் தூங்கினேன்னு.”

சிற்பி சிரிக்கவில்லை. எழுந்து போய்த் தொங்கிய சிறகு ஒன்றைச் சுண்டிவிட்டாள். அது மத்தளம் போல் முனகியது.

“டிராகன்ல தலை, பல்லு, செதில் எல்லாம் சும்மா. பார்க்கறவன் வாயைப் பொளப்பான், அவ்வளவுதான். உயிரை எடுக்கறது சிறகு. கனமா செஞ்சா ஆளையே முன்னாடி கவுத்துடும். லேசா செஞ்சா ஏசி காத்துக்கே ஆடி ஆடித் தோள்ல விரிசல் விடும். முதல் டிராகனுக்குத் துணியில ரெசின் தடவினேன். சரியா இறுகல, வெயில்ல, நனைஞ்ச துண்டு மாதிரி தொங்கிடுச்சு. ரெண்டாவதுக்கு இறுகணும்னு ஹார்டனரைக் கூடப் போட்டேன், பிஸ்கட்டா நொறுங்கிச்சு. மூணாவது லட்சணமா வந்துது. நிக்க வெச்சேன், நேரா என் ஸ்கூட்டர் மேல சாஞ்சுது. நாலாவதுலதான், இந்தத் தியேட்டர் டிராகன்லதான், புத்தி வந்துது. சிறகு எலும்புக்கு அலுமினியக் குழாய், தோலுக்குக் குடைத்துணி மேல ஃபைபர், தோள் மூட்டுல மட்டும் மூணு மடங்கு. அப்புறம், வால்.”

“வாலா?”

“சிறகு முன்னாடி இழுக்கும். யாராவது பின்னாடி இழுக்கணும் இல்ல? தரையில போல்ட் போடலாம்னா பளிங்குல ஓட்டை போடக்கூடாதுன்னுட்டார் முதலாளி. அதனால வாலை உள்ள வெறுமையா விட்டு, லேத் பட்டறை இரும்புப் பொடியும் மணலும் கலந்து நாப்பது கிலோ ரொப்பி, நுனியை ரெசின் வெச்சு அடைச்சேன். நிறுத்தி வெச்ச அன்னைக்கு மேனேஜர் கண்ணு முன்னாடியே சிறகு நுனியைப் புடிச்சுத் தொங்கினேன். எழுபத்தெட்டு கிலோ நான். இம்மி அசையல. இப்போ கேட்டா, அப்படி எதுவும் பார்த்த ஞாபகமே இல்லையாம்.”

டீச்சரின் மனதில் கரும்பலகையில் போடும் நெம்புகோல் படம் ஒன்று தானாக விரிந்தது. ஒரு முனையில் சிறகு, மறுமுனையில் வால். “அப்படின்னா அந்த நாப்பது கிலோ எங்கேயோ போயிருக்கணும். அது எங்க போச்சுன்னு மட்டும் கண்டுபிடிச்சாப் போதும்.”

“அதைத்தான் விழுந்த அன்னைக்கே மேனேஜர்கிட்ட போன்ல கத்தினேன். வாலைப் பாருங்கய்யா, வாலைப் பாருங்கன்னு.”

“நல்ல காரியம் பண்ணீங்க” என்றாள் குண்டூசி. “எதை மறைக்கணும்னு அந்தாளு முழிச்சிட்டிருந்திருப்பார். எடுத்துக் குடுத்துட்டீங்க.”

“உனக்குத் தலைக்கனம்மான்னு போனை வெச்சுட்டார்” என்றாள் சிற்பி. “எனக்குத் தலைக்கனம் எல்லாம் கிடையாது டீச்சர். என் டிராகனுக்கு வால்கனம். அதை மட்டும்தான் கேட்டேன்.”

டீச்சர் கடிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்தாள். “வாங்க, தியேட்டருக்குப் போகலாம்.”

*

தியேட்டர் வாசற்படியின் இரண்டு பக்கமும் புகைபிடிப்பவர்களுக்காகப் பக்கத்துக்கு ஒன்றாக இடுப்பளவு எவர்சில்வர் தொட்டி வைத்திருந்தார்கள். மேலே வெள்ளை மணல். அதில் சிகரெட் துண்டுகள் நட்டுவைத்த மாதிரி நின்றன.

“தண்ணி ஊத்தினா தோப்பா வளரும் போல” என்றாள் குண்டூசி.

மேனேஜர் அவர்களை முன்ஹாலிலேயே எதிர்கொண்டார். இஸ்திரி கலையாத சட்டை, இடுப்பில் சாவிக்கொத்து. சிற்பியைப் பார்த்ததும், “கையெழுத்துக்கு எதுக்கும்மா இத்தனை பேர்?” என்றார். பிறகு நீலத் தார்ப்பாய்த் திரையை விலக்கிவிட்டார்.

டீச்சர் ஒரு பயங்கர மிருகத்தை எதிர்பார்த்திருந்தாள். நிமிர்த்தி வைக்கப்பட்டிருந்த அந்த டிராகனுக்கு இடது தோளில் கிழிந்த குடைத்துணியும் வளைந்த குழாயும்தான் மிச்சம். வலது சிறகு மட்டும் உயர்ந்து நின்றது. கடைசி பெஞ்சிலிருந்து எழுந்து, தன்னைக் கேட்க மாட்டார்களா என்று கை தூக்கிக்கொண்டிருக்கும் பெண் போல இருந்தது. அவளுக்கு அதன் முகத்தை நேராகப் பார்க்க முடியவில்லை.

குண்டூசி பார்த்தாள். “அண்ணி, இது வாய்ல என்ன, ஸ்ட்ரா வெச்சிருக்கு?”

பற்களுக்கு நடுவே கறுப்பு ரப்பர்க் குழாய் ஒன்று ஒரு விரற்கடை எட்டிப் பார்த்தது.

“நான் வெக்கல” என்றாள் சிற்பி உடனே. “வாயிலேர்ந்து புகை வர்ற மாதிரி பண்ணிக் குடுன்னு கேட்டாங்க. வயித்தைத் தோண்டினா பலம் போயிடும், முடியாதுன்னுட்டேன்.”

“புகை மெஷின் வெச்சோம், சரியா வேலை செய்யல, எடுத்துட்டோம். அதுக்கும் விழுந்ததுக்கும் என்ன சம்பந்தம்?” என்றார் மேனேஜர்.

டீச்சர் பின்பக்கம் போய் வாலை விரல் முட்டியால் தட்டினாள். ‘டொக்’ என்று அடைத்த சத்தம். நுனி வரைக்கும் தட்டினாள். எங்கும் அதே சத்தம்தான். நுனியில் ரெசின் அடைப்பு இல்லை. ஒரு வட்டத் தகடும், அதில் பளபளக்கும் நான்கு திருகுகளும் இருந்தன.

“இது புதுசா இருக்கே?”

“இருக்காதா பின்னே?” மேனேஜர் இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் போல் முழங்காலிட்டார். சட்டைப் பையிலேயே திருப்புளி இருந்தது. “இந்தம்மாதானே வாலைப் பாருங்கன்னு போன்ல கத்தினாங்க? பார்த்தோம். ரொம்பி இருந்துது. மூடிட்டோம். நீங்களும் பாருங்க.”

தகடு நகர்ந்தது. இரண்டு கைப்பிடி கறுப்பு மணல் பொலபொலவென்று தரையில் விழுந்தது. அவர் சட்டென்று தகட்டை மூடிவிட்டார். டீச்சர் கைப்பையிலிருந்து லாடக் காந்தத்தை எடுத்து அந்த மணலருகே பிடித்தாள். அதற்கு இரும்புப் பொடித் தாடி முளைத்தது.

சிற்பி குனிந்து ஒரு சிட்டிகை எடுத்து விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்தாள். பொய் சொல்லியிருக்கலாம். “என்னுதுதான்” என்றாள்.

“அவ்வளவுதான் விஷயம்” என்று மேனேஜர் பேனாவைத் திறந்து நீட்டினார். “கனம் இருந்தது. இருந்தும் விழுந்தது. இப்போ சொல்லுங்க, யார் தப்பு?”

சிற்பியின் தோள்கள் மெல்ல இறங்கின. “ஒருவேளை தோள் மூட்டுலதான் தப்புப் பண்ணிட்டேனோ டீச்சர்” என்றாள் தணிந்த குரலில். “ராத்திரி பகலா அதையேதான் யோசிக்கிறேன். இவ்வளவு பேர் சொல்றாங்கன்னா…”

டீச்சருக்கு அந்தக் குரல் தெரியும். அது ஒரு காலத்தில் அவளுடைய குரலாக இருந்தது.

ஆய்வுக்கூடத்தில் ஸ்பிரிட் விளக்கு வெடித்து ஒரு மாணவிக்குக் கை வெந்தது. விளக்குகளில் விரிசல் இருக்கிறது என்று அவள் அதற்கு முன்பே இரண்டு முறை எழுதிக் கொடுத்திருந்தாள். ‘ஒரு கையெழுத்துதான் டீச்சர், போட்டா முடிஞ்சிடும்’ என்றார் தலைமையாசிரியை. போட்டாள். முடியவில்லை. அது கூடப் பெரிய தவறில்லை. கையெழுத்துப் போட்ட பிறகு அந்தக் கடிதத்தை அவளே நம்பத் தொடங்கினாள். கண்ணாடியில் முகம் பார்க்கும்போதெல்லாம் கவனக்குறைவான ஒருத்தி தெரிந்தாள். அவளைத் துரத்தி அனுப்ப ஏழு வருடம் பிடித்தது.

“பத்து நிமிஷம் குடுங்க” என்றாள் டீச்சர். சிற்பியிடம் திரும்பி, “அந்தப் பேனாவைத் தொடாதீங்க. தொட்டா உங்களோட பேச மாட்டேன்” என்றாள். சண்டை போட்ட சின்னப் பெண் பேசுவது போல் இருந்தது. சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது.

*

வாசற்படியில் வாட்ச்மேன் பெருக்கிக்கொண்டிருந்தார். துடைப்பம் போவதற்காக ஒரு தொட்டியைச் சாய்த்து உருட்டி நகர்த்தினார். அது நின்ற இடத்தில் பளிங்கின் மேல் செங்காவி நிறத்தில் ஒரு வட்டம்.

குண்டூசி குனிந்து பார்த்தாள். “எவர்சில்வர் துருப்பிடிக்குமா அண்ணி?”

“பிடிக்காது.”

“அப்போ இது?”

டீச்சர் தொட்டியின் உள்விளிம்பில் காந்தத்தை ஒரு சுற்று ஓட்டினாள். வெளியே எடுத்தபோது அதன் நுனியில் மெல்லிய கறுப்பு முடிகள் சிலிர்த்து நின்றன.

“தாடி போச்சு, மீசை வந்தாச்சு” என்றாள் குண்டூசி மூச்சை அடக்கிக்கொண்டு.

“அண்ணே, இந்த மணல் எப்போ மாத்தினது?” என்று டீச்சர் வாட்ச்மேனைக் கேட்டாள்.

“வெள்ளையா? போன புதன்கிழமை காலையில. அதுக்கு முன்னாடி ரெண்டு மாசமா கறுப்பு மணல் போட்டிருந்துது. வெயில் பட்டா வைரம் மாதிரி மின்னும். நெருப்பு அணைக்கத் தெனம் தண்ணி தெளிப்பேன், அதான் கீழே கறை…” என்றவர், முன்ஹால் பக்கம் பார்த்துவிட்டுத் துடைப்பத்தை வேகமாக ஓட்டினார். “என்னை எதுலயும் இழுத்து விட்டுடாதீங்கம்மா.”

“இழுக்கல அண்ணே.”

கொஞ்சம் தள்ளி வந்ததும் குண்டூசி கிசுகிசுத்தாள். “இவர் சாட்சி சொல்ல மாட்டார் அண்ணி. காந்த மீசையைக் காட்டினா, எவன் செருப்புலேர்ந்தோ வந்த தூசிம்பார் அந்த மேனேஜர்.”

“சொல்லுவார்தான். ஆனா வேற சாட்சி இருக்கு. உள்ள, இருட்டுல உக்காந்திருக்கு. மேனேஜரே கூட்டிட்டு வந்து உக்கார வெச்சிருக்கார்.”

*

மணி பதினொன்றரை. பேனா திறந்தபடி கிடந்தது. சிற்பி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

“முழுசாக் கொட்டுங்க” என்றாள் டீச்சர்.

“எதுக்கு? அதான் பார்த்தாச்சே!”

“ரெண்டு கைப்பிடி பார்த்தோம். நாப்பது கிலோவை இன்னும் பார்க்கல.”

“மேடம், மேட்னிக்கு ஆள் வர்ற நேரம்…”

“பரவாயில்ல விடுங்க அண்ணி” என்றாள் குண்டூசி பரிதாபமாக. “சாருக்குப் பயமா இருக்கு. எல்லாரும் தைரியசாலியா இருக்க முடியுமா?”

மேனேஜரின் காது சிவந்தது. தார்ப்பாயை இழுத்து வாலுக்கு அடியில் விரித்தார். தகட்டைக் கழற்றினார். கறுப்பு மணல் கயிறு திரித்தது போல் இறங்கிக் குவிந்தது. கால் வாசி, அரை வாசி. எல்லாம் சுத்தமான மணல். மேனேஜர் நிமிர்ந்து சிரிக்கத் தொடங்கியபோது மணல் நின்றது. உள்ளே ஏதோ அடைத்துக்கொண்டது. சிற்பி வந்து வாலை ஒரு குத்துவிட்டாள்.

முதலில் ஒரு சிகரெட் துண்டு விழுந்தது.

அப்புறம் மூன்று. பிறகு எண்ண முடியாதபடிக்கு. தீக்குச்சிகள், சூயிங் கம் ஒட்டிய காகிதம், ஒரு பல் குத்தும் குச்சி. குவியலின் மேல் அவை சறுக்கிச் சறுக்கி இறங்கின.

குண்டூசி ஒரு துண்டை எடுத்து டிராகனின் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

“நெருப்புக் கக்கற பிராணின்னு தெரியும். ஆனா வாலாலயா சிகரெட் புடிப்பே?”

டீச்சர் குனிந்து மணலிலிருந்து ஒரு பாதி டிக்கெட்டை இழுத்தாள். ஊதிவிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி படித்தாள். “போன மாசம் பதினெட்டாம் தேதி. மாலைக் காட்சி.” பிறகு மேனேஜரைப் பார்த்தாள். “ரெண்டு வருஷமா அடைச்சிருந்த வாலுக்குள்ள போன மாசத்து டிக்கெட் எப்படி சார் போச்சு? இதைக் கிழிச்ச கை இப்போ ஆஸ்பத்திரில தூளி கட்டித் தொங்குது.”

மேனேஜர் டிக்கெட்டுக்குக் கை நீட்டினார். டீச்சர் அதைக் கைப்பைக்குள் போட்டாள்.

“நான் சொல்றேன், தப்பிருந்தாத் திருத்துங்க” என்றாள் டீச்சர். “புகைக்குழாயை வால் வழியாத்தான் உள்ள விட முடியும். அதுக்காக அடைப்பை வெட்டி, மணலைக் கொட்டினீங்க. மின்னுதேன்னு தொட்டியில போட்டு வெச்சீங்க. வெறும் வாலோட ரெண்டு மாசம் நின்னது, யாரும் தொடாத வரைக்கும். செவ்வாய்க்கிழமை டிக்கெட்காரர் தொட்டார். இவங்க போன்ல வால்னு கத்தினதும் ராவோட ராவா மணலைத் திருப்பி ரொப்பிட்டீங்க. மேலே தெரிஞ்ச துண்டை எல்லாம் பொறுக்கினீங்க, தொட்டி அடியில இருந்ததை விட்டுட்டீங்க. தொட்டியைக் கவுத்ததும் அடியில இருந்தது மேலே வந்துது. அதுதான் முதல்ல உள்ள போய் வால் அடியில உக்காந்துடுச்சு.”

“முதலாளிதான் புகை வேணும்னார்” என்றார் மேனேஜர். குரல் இறங்கியிருந்தது. “அவ்வளவு அழகான மணல், தூக்கிப் போட மனசு வரல. அது வெயிட்டுக்குன்னு எனக்கு என்ன தெரியும்?”

“நான் சொன்னேனே! தொங்கிக் காட்டினேனே!” என்றாள் சிற்பி.

அவர் நிமிர்ந்தார். கடைசியாக ஒரு பிடி மிச்சம் இருந்தது அவரிடம். “சரி. எடுத்தோம், வெச்சோம். ஆனா மணல் இருந்திருந்தா விழுந்தே இருக்காதுன்னு யார் சொன்னது? உங்க வாய்தானே சொல்லுது? ஒரு ஆள் கனத்தை இந்தச் சிறகு தாங்கும்னு எந்தக் காகிதத்துல இருக்கு?”

சிற்பி அவரைப் பார்த்த பார்வையில் காலையிலிருந்த சோர்வு இல்லை. செருப்பைக் கழற்றினாள்.

“திருப்பி ரொப்புங்க.”

டிராகனை முன்னால் சாய்த்துப் பிடித்து, மணலை வாலுக்குள் கொட்டித் தகட்டை மூடி நிமிர்த்தினார்கள். சிகரெட் துண்டுகள் தார்ப்பாயிலேயே தங்கின. அவள் வலது தோள் மூட்டை முட்டியால் தட்டித் தட்டிக் காதை வைத்துக் கேட்டாள், வைத்தியர் மாதிரி. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினாள். சிறகு நுனியை இரண்டு கையாலும் பிடித்தாள்.

டீச்சர் அப்போதுதான் அந்த இடத்தைக் கவனித்தாள். டிராகனின் மார்புக்கு நேர் கீழே ஒரு பளிங்குக் கல் உடைந்திருந்தது. டிக்கெட்காரர் விழுந்த இடம். சாய்ந்தால் இந்த முறையும் அங்கேதான் விழும். எல்லோரும் அந்த இடத்திலிருந்து தங்களையறியாமல் இரண்டடி பின்வாங்கி நின்றார்கள்.

அவளுடைய கால்களும் பின்னால்தான் போக விரும்பின. அவற்றை அவளுக்கு நன்றாகத் தெரியும், பழைய கால்கள். அவள் நடந்து போய் அந்த உடைந்த கல்லின் மேல் நின்றாள்.

“அண்ணி!” குண்டூசியின் குரலில் முதல் முறையாக வேடிக்கை இல்லை. “எங்க அண்ணனுக்கு நான் என்ன பதில் சொல்றது?”

“சமைக்கக் கத்துக்கச் சொல்லு.”

சிற்பி ஸ்டூலை உதைத்துத் தள்ளினாள்.

சிறகு ஒரு முறை முனகியது, பட்டறையில் முனகிய அதே முனகல். அலுமினியக் குழாய் கொஞ்சம் வளைந்தது, நின்றது. டீச்சர் தலையை உயர்த்தினாள். டிராகனின் தாடை அவளுக்கு மேலே, நெற்றிக்கு நேராக இருந்தது. அது அசையவில்லை. சிற்பியின் வெறுங்கால்கள் தரைக்கு ஒரு முழம் மேலே, யாருக்கும் கட்டுப்படாத மாதிரி மெல்ல ஆடிக்கொண்டிருந்தன.

“டீச்சர், மணி என்ன?”

“பன்னெண்டுக்கு நாலு நிமிஷம்.”

டீச்சர் கைப்பையிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்துப் பின்பக்கமாகத் திருப்பினாள். வெற்றுத் தாள். கீழே, வலது மூலையில், பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போட்டாள். உடைந்த கல்லைவிட்டு நகராமலே கையை நீட்டினாள்.

“சார், பேனா திறந்துதான் இருக்கு. கண்ணால பார்த்ததை எழுதி, இந்த இடத்துல கையெழுத்துப் போடுங்க.”

மேனேஜர் தாளை வாங்கிக்கொண்டு டிராகனைப் பார்த்தார், தொங்கும் பெண்ணைப் பார்த்தார், சிகரெட் குவியலைப் பார்த்தார். எழுத உட்கார்ந்தார்.

“அவசரப்படுத்தாதீங்க டீச்சர்” என்றாள் சிற்பி மேலிருந்து. “நிதானமா எழுதட்டும். எனக்குக் கை வலிக்கல.”